காயப்பட்டவர்களுக்கு ஒரு சட்டம்: வடக்கு கிழக்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

ஆளும் வரிசையில் இருப்பவர்களுக்கும் எதிர்வரிசையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு எங்கள் மாவட்டங்களின் பிரதிநிதிகள் சபையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறீர்கள். நான் கேட்கப்போகும் காரியத்துக்கு அது ஒரு வகையில் வசதி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2009 மே மாதம் போர் முடிந்தது. அந்தப் போரில் போராளியாக இருந்து காயப்பட்டு உயிர் தப்பியவருக்கு இன்றுவரை சட்டப்படி ஓர் ஓய்வூதியம் கிடையாது. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், கைதிகள், அதிகாரப் பகிர்வு என்று நீங்கள் சபையில் எழுப்பும் விடயங்கள் எல்லாம் எழுப்பப்பட வேண்டியவையே. அவற்றில் ஒன்றையும் பின்னுக்குத் தள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் முதுகெலும்பில் செல் துண்டோடு படுத்திருப்பவருக்கு மாதம் எவ்வளவு, எந்தச் சட்டத்தின் கீழ், யார் கையால் என்ற கேள்விக்கு இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. அந்தப் பதிலை எழுதும் வேலை உங்களுடையது.

நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் காலில்லாதவர்கள், கண்ணில்லாதவர்கள், கை இருந்தும் விரல் மடக்க முடியாதவர்கள், உடம்புக்குள் இரும்பைச் சுமப்பவர்கள் எத்தனையோ பேர். போர் நடந்த காலத்தில் இவர்களுக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. பார்வையிழந்தவர்களும் அங்கமிழந்தவர்களும் படிக்கவும் தொழில் பழகவும் நவம் அறிவுக்கூடம் இருந்தது. செயற்கைக் கால் செய்து பொருத்த வெண்புறா இருந்தது. தங்குமிடம், சாப்பாடு, மருந்து, பார்த்துக்கொள்ள ஆட்கள் என்று எல்லாம் புலிகள் இயக்கத்தின் பொறுப்பில் இருந்தன. 2009 இல் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரேயடியாக அறுந்தது. அறுந்த இடத்தில் அரசு எதையும் கட்டவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாரத்தைத் தாய்மார்தான் சுமக்கிறார்கள்.

முதுகெலும்பு அடிபட்டவரின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை யாராவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். தவறினால் படுக்கைப்புண். அந்தப் புண் அவருக்கு வலிக்காது, அதுதான் ஆபத்து. நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். அதற்குள் எலும்பு வரை போயிருக்கும். சலம் போக ரியூப் போட வேண்டும். அதைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். மாற்றப் பிந்தினால் கிருமி தொற்றிக் காய்ச்சல், பிறகு சிறுநீரகம். காற்று மெத்தை இருந்தால் புண் குறையும், ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். மாங்குளத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் ‘உயிரிழை’ போன்ற அமைப்புகள் இல்லாவிட்டால் இவர்களில் பலர் இன்று இருக்கமாட்டார்கள். அந்த அமைப்புகளோ நல்ல மனம் உள்ளவர்கள் அனுப்பும் காசை நம்பி ஓடுகின்றன. ஒரு வருடம் வரும், மறு வருடம் வராது. ரியூப் மாற்றும் தேதி அதைப் பார்த்துக்கொண்டிருக்குமா?

வன்னியில் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். அவரைப் பதினேழு வயதில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்துக்குப் பிடித்துப் போனார்கள். சில மாதப் பயிற்சி, காவலரண், ஒரு செல். இப்போது முப்பதுகளில் இருக்கிறார், நிரந்தரமாகப் படுக்கையில். தாய்க்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மகனைப் புரட்டும்போது அந்த அம்மா முதலில் தன் இடுப்பைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் குனிகிறார். கொடுப்பனவு கேட்டு நிரப்பிய விண்ணப்பத்தின் பிரதியை எனக்குக் காட்டினார்கள். அங்கவீனம் ஏற்பட்ட விதம் என்ற இடத்தில் “விபத்து” என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “உண்மையை எழுதினா திரும்ப வீட்டுக்கு வருவாங்கள் தம்பி, விசாரணைக்கு” என்றார் அம்மா. அந்த விண்ணப்பமும் அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்து, குடும்ப வருமானம் பற்றிய ஒரு கேள்வியோடு திரும்பி வந்திருந்தது. வெளிநாட்டில் ஓர் அண்ணன் இருக்கிறாராம், அதுதான் காரணமாம்.

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறதே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. 5,000 ரூபாவாக இருந்து 7,500 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்ல காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஏழைக்கான நிவாரணம். காயத்தின் அளவு அங்கே கணக்கில் இல்லை. ஒரு கால் போனவருக்கும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவருக்கும் ஒரே தொகை. வருமானம் கொஞ்சம் கூடினால் பெயர் போய்விடும். ஒரு பெட்டிக்கடை போடவும் பயம், தையல் மெசின் வாங்கவும் பயம். ஓய்வூதியம் அப்படியில்லை. அது காயத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அவர் உழைத்தாலும் வரும், அண்ணன் வெளிநாட்டில் இருந்தாலும் வரும். யாரிடமும் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் உதவியையும் இங்கே சொல்லவேண்டும். அவர்கள் இல்லாமல் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க முடியாது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் சக்கர நாற்காலி கொடுக்கும்போது படம், கோழிக்கூடு கொடுக்கும்போது படம் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. கண்ணில்லாதவரைக் கமராவைப் பார்க்கச் சொல்லித் தாடையைத் திருப்பிவிடுகிறார்கள். பெண் போராளிகளுக்கு இது இன்னும் கொடுமை. ஒரு காலை இழந்து, கல்யாணப் பேச்சும் நின்று, ஊரார் வாயில் விழாமல் ஒதுங்கி வாழ்பவள் அந்தப் படத்துக்கு நின்றால்தான் மாவும் சீனியும் என்றால், அது உதவியா?

இனி, இப்படி ஒரு சட்டம் எங்காவது நடந்த காரியமா என்று கேட்பவர்களுக்கு மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சல்வடோரைக் காட்டுகிறேன். அங்கே அரசாங்கத்துக்கும் எஃப்.எம்.எல்.என் கெரில்லாக்களுக்கும் இடையே பன்னிரண்டு வருட உள்நாட்டுப் போர். ஏறத்தாழ 75,000 பேர் இறந்தார்கள். 1992 ஜனவரி 16 இல் மெக்சிகோவின் சப்புல்டெபெக் கோட்டையில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. அதே வருடம் டிசம்பரில் அந்த நாட்டுச் சட்டசபை 416 ஆம் இலக்க ஆணையை நிறைவேற்றியது. ஆயுத மோதலில் காயப்பட்டு அங்கவீனமானவர்களைக் காக்கும் ஒரு நிதியம் அதனால் உருவானது. அந்தச் சட்டத்தில் என் மனதைத் தொட்ட விடயம் இதுதான்: இராணுவச் சிப்பாய், கெரில்லா, இடையில் அகப்பட்ட பொதுமகன் மூவரும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே நிதியத்தில். உன் காயம் எந்தப் பக்கத்துக் காயம் என்ற கேள்விக்கு அங்கே பணத்தோடு சம்பந்தம் இல்லை. மருத்துவக் குழு உடம்பைப் பரிசோதித்து, செயலிழப்பு நூற்றுக்கு எத்தனை என்று தீர்மானிக்கும். அந்த வீதப்படி மாதாந்த ஓய்வூதியம், மருந்து, செயற்கை அவயவம், தொழிற்பயிற்சி. போரில் இறந்தவர்களை நம்பியிருந்த வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொண்டது.

சட்டம் வந்த கையோடு அங்கேயும் காசு வந்துவிடவில்லை. ஊன்றுகோல்களோடும் சக்கர நாற்காலிகளோடும் வருடக்கணக்கில் தெருவில் இறங்கித்தான் ஒவ்வொன்றையும் வாங்கினார்கள். ஆனால் தெருவில் இறங்கும்போது அவர்கள் கையில் ஒரு சட்டம் இருந்தது. தாங்கள் கேட்பது அரசு ஒப்புக்கொண்ட கடன் என்று சொல்ல முடிந்தது. எங்கள் பிள்ளைகள் கையில் அது இல்லை.

எல் சல்வடோரில் போர் பேச்சுவார்த்தையில் முடிந்தது, இங்கே ஒரு தரப்பின் முழுத் தோல்வியில் முடிந்தது என்ற வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. தோற்ற தரப்புக்கு என்ன நடக்கும் என்று பார்க்க ஸ்பெயினுக்குப் போகலாம். 1939 இல் அங்கே உள்நாட்டுப் போர் ஃபிராங்கோவின் வெற்றியில் முடிந்தது. அவருடைய படையில் காயப்பட்டவர்களுக்குப் போர் நடக்கும்போதே ஒரு தனிப் படையணி அமைத்து, சம்பளம், கௌரவம், அரச வேலையில் ஒதுக்கீடு எல்லாம் கொடுத்தார்கள். அதற்குத் தலைவராக இருந்த ஜெனரல் மில்லான் அஸ்ட்ரே ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்தவர். தோற்ற குடியரசுத் தரப்பில் அதே கையையும் அதே கண்ணையும் இழந்தவருக்கு ஒன்றுமில்லை. ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்த பிறகு, 1976 இல் ஒரு சிறிய கொடுப்பனவு ஆணை வந்தது. குடியரசுப் படையில் அங்கமிழந்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1980 ஜூனில்தான் வந்தது. போர் முடிந்து நாற்பத்தொரு வருடம். இருபது வயதில் காலை இழந்தவருக்கு அப்போது அறுபத்தொன்று, அதுவும் உயிரோடு இருந்திருந்தால். அந்தக் கணக்கை இங்கே போட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு 2050 இல் கிடைக்கும். முதுகெலும்பு அடிபட்டவர்களில் யார் 2050 வரை இருக்கப் போகிறார்கள்? அவர்களைப் புரட்டிவிடும் அம்மாக்கள் யார் இருக்கப் போகிறார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது சாட்சியம் பற்றிய பாடம். 1862 இல் கொண்டுவந்த சட்டப்படி, முழுதாக உழைக்க முடியாமற் போன வடதரப்புச் சாதாரண சிப்பாய்க்கு மாதம் 8 டொலர் ஓய்வூதியம். வடபடையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் போரிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, கல்யாணப் பதிவு இல்லை, எசமான் வைத்த பெயர் ஒன்று, தானே வைத்த பெயர் ஒன்று. கடதாசி இல்லாததால் பலருடைய விண்ணப்பங்கள் வருடக்கணக்கில் இழுபட்டன, தள்ளப்பட்டன. கூட நின்று போரிட்டவர்களும் அயலவர்களும் கொடுத்த சத்தியக் கடதாசிகளை வைத்துத்தான் எத்தனையோ பேர் தங்கள் உரித்தை நிலைநாட்டினார்கள். எங்களிடமும் அதே கதைதான். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்த பைகளோடு எல்லாக் கடதாசியும் போய்விட்டது.

ஆனால் எல்லாம் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். 2009 பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரையும் உடன் சென்றவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 14,000 பேரைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றியிறக்கியது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று தற்காலிக ஆஸ்பத்திரி நடத்தியது. வவுனியா ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் நிலத்தில் படுக்கவைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் நிலையம் 1987 இலிருந்து கால் பொருத்தி வருகிறது. இங்கெல்லாம் பெயரும் காயமும் பதியப்பட்டன. அதற்கு மேல் உடம்பே சாட்சி. எக்ஸ்றேயில் தெரியும் இரும்புத் துண்டை யாரும் சோடித்து வைக்க முடியாது.

தெற்கு சம்மதிக்குமா? இந்தக் கேள்வியில்தான் உங்களில் பலர் நின்றுவிடுகிறீர்கள். பயம் காரணமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளிகளுக்கு இழப்பீடு கொடுக்க 2018 இல் ஓர் அமைச்சரவைப் பத்திரம் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி அது முடங்கிப்போனதை நாம் பார்த்தோம். புலிகளுக்குப் பென்சன் என்று தலைப்புப் போட நாளைக்கும் ஆட்கள் இருப்பார்கள். ஆனால் முன்னாள் போராளிக்கு மட்டும் என்று கேட்டதால்தான் அந்தக் கதவு அவ்வளவு சுலபமாக மூடப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

2017 இல் கொழும்புக் கோட்டையில் அங்கமிழந்த சிங்களச் சிப்பாய்கள் தெருவில் குந்தியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வருட சேவை முடிவதற்கு முன்பே காயப்பட்டு விலக்கப்பட்டவர்கள் அவர்கள். சேவைக் காலம் போதாது என்பதால் முழு ஓய்வூதியம் இல்லை என்ற நிலையை எதிர்த்துத்தான் வந்தார்கள். ஒருவர் ஐந்தாம் வருடத்தில் காலை இழந்தால் பன்னிரண்டாம் வருடம் வரை அந்தக் காலோடு எப்படிச் சேவை செய்வது? அவர்களுக்கு ராகமையில் ‘ரணவிரு செவன’ இருந்தது, அனுராதபுரத்தில் ‘அபிமன்சல’ இருந்தது. எங்களுக்கு அப்படி ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனாலும் அந்த வெயிலில் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தவர்களின் கோபம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. வறுமையால் பட்டாளத்துக்குப் போன பொலன்னறுவைப் பையனையும், வீட்டுக்கு ஒருவர் என்று இழுத்துப் போகப்பட்ட புதுக்குடியிருப்புப் பையனையும், இரண்டிலும் இல்லாமல் பதுங்குகுழியில் கையை இழந்த பள்ளிக்கூடப் பிள்ளையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று நீங்கள் எழுந்து கேட்டால், அதைத் தேசத்துரோகம் என்று சொல்வது தெற்கில் யாருக்கும் சுலபமாக இருக்காது.

ஆளும் தரப்பில் இருக்கும் எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கூட்டணியின் தாய்க்கட்சி 1971 இலும் 1987 இலிருந்து 1989 வரையிலும் ஆயுதம் எடுத்துத் தோற்ற கட்சி. தோற்ற பக்கத்தில் காயப்பட்டவனின் வீட்டில் என்ன நடக்கும், அரச கந்தோரில் அவனை எப்படிப் பார்ப்பார்கள், ஊர் அவனை எப்படி ஒதுக்கும் என்பது உங்கள் தோழர்களுக்குச் சொந்த அனுபவம். இந்த நாட்டில் வேறு எந்த ஆளும் கட்சிக்கும் அந்த அறிவு இருந்ததில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உங்களால் மற்றவர்களைவிடத் தெளிவாக விளங்கிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன வசதி இங்கேதான் வருகிறது. அரசியலமைப்பின் 152 ஆம் உறுப்புரைப்படி, அரச பணத்தைச் செலவழிக்க அதிகாரம் தரும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவரலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் தனிநபர் சட்டமூலமாக இதைச் செய்ய முடியாது. நீங்கள் எதிர்வரிசையில் மட்டும் இருந்திருந்தால் இது பெரிய தடை. இப்போது ஆளும் வரிசையிலும் இருக்கிறீர்கள். எதிர்வரிசையில் இருப்பவர்கள் வரைவைத் தயாரித்து, ஒத்திவைப்பு விவாதத்தில் எழுப்பி, ஆதரவு திரட்டலாம். ஆளும் வரிசையில் இருப்பவர்கள் அதை அமைச்சரவை வரை கொண்டுபோகலாம். யார் பெயரில் வந்தது என்று பிறகு சண்டை பிடித்துக்கொள்ளுங்கள், காயக்காரருக்கு அதில் அக்கறை இல்லை.

2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க இழப்பீட்டு அலுவலகச் சட்டம் இருக்கிறதே, அது போதாதா? போதாது. அந்தச் சட்டம் பாதிக்கப்பட்டவரை உரிமை மீறலுக்கு ஆளானவர் என்ற வழியில் பார்க்கிறது. போர்முனையில் காயப்பட்டவர் அந்த வரைவிலக்கணத்துக்குள் இலகுவில் வரமாட்டார். தனிச் சட்டம் வேண்டும், அல்லது அந்தச் சட்டத்தில் ஒரு புதிய பகுதி வேண்டும். நாடு ஏற்கெனவே கொடுத்த வாக்குகளும் துணைக்கு இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை மிதிவெடியால் பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்பையும் வாழ்வாதாரத்தையும் பற்றிப் பேசும்போது எந்தச் சீருடை போட்டிருந்தாய் என்று கேட்கவில்லை.

வரைவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டாத இடங்கள் சில உண்டு. விண்ணப்பத்தில் எந்தத் தரப்பு என்ற கேள்வி இருக்கக்கூடாது. காயம் போரினால் வந்ததா என்பதை மாவட்ட மருத்துவக் குழு சொன்னால் போதும். அங்கே கொடுக்கும் தகவல் பொலிசுக்கோ புலனாய்வுக்கோ போகக்கூடாது, போனால் தண்டனை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். மக்கள் பயத்தில் “விபத்து” என்றே எழுதுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். தொகை செயலிழப்பின் வீதப்படியும் விலைவாசிப்படியும் இருக்க வேண்டும். 2022 இல் மருந்து விலை ஏறியபோது படுக்கையில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பவருக்குத் தனியாக ஒரு தொகை வேண்டும். சுவரில் முட்டுக்கொடுத்துக் குனியும் அந்த அம்மாவுக்குப் பிறகு வாடகைக்காவது ஓர் ஆளை வைக்க அந்தக் காசு உதவும். நிர்வாக சபையில் காயப்பட்டவர்களே இருக்க வேண்டும், சிப்பாய்களும் போராளிகளும் பொதுமக்களும் ஒரே மேசையில்.

அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருவதற்குள் மாங்குளத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கொடியும் ஒலிபெருக்கியும் படப்பிடிப்பாளரும் வேண்டாம். கட்சி பேதமில்லாமல் நாலைந்து பேராகப் போய், படுக்கையில் இருப்பவர்களோடு அரை நாள் இருந்து, சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வரைவின் முதல் பிரதியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். கோட்டையில் குந்தியிருந்த அந்தச் சிப்பாய்களின் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்